சங்கராவுக்கு வயது எண்பத்தொன்று! தெரியுமா?

ஒரு மீன் எத்தனை வருஷம் வாழும்? நெத்தலி, சாளையெல்லாம் இரண்டு மூன்று வருஷத்தில் கதை முடிந்துவிடும். ஆனால் 2016-ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால், ரௌலி ஷோல்ஸ் என்ற பவளத் திட்டுகளில் பிடிபட்ட ஒரு மீனுக்கு வயது எத்தனை தெரியுமா? எண்பத்தொன்று! இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே பிறந்த மீன். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961-ல் அதற்கு இருபது வயது தாண்டியிருந்தது. அது என்ன இனம் என்கிறீர்களா? நம்மூர் ஏலத்தில் ஐஸ் மேல் சிவக்கக் கிடக்கிறதே சங்கரா, அந்தக் குடும்பம்தான்! அதே திட்டுகளில் கிடைத்த இன்னொரு மீனுக்கு வயது 79. அது லுட்ஜானஸ் போஹார் என்ற சிவப்புச் சங்கரா. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, நம் இந்துமாக்கடலிலும் வாழும் இனம். 2020-ல் இந்த ஆய்வு வெளியானபோது, வெப்பமண்டலப் பவளப்பாறை மீன்களிலேயே வயதில் மூத்தது என்ற பட்டம் அந்த எண்பத்தொரு வயதுக் கிழத்துக்குக் கிடைத்தது.

சந்தையில் சங்கரா என்ற பேரில் வேறு சில சிவப்பு மீன்களும் கூடைக்கு வரும். இங்கே நான் சொல்வது லுட்ஜானிடே என்ற குடும்பத்தை. உலகில் இதில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மஞ்சள் உடம்பில் நீலக்கோடு ஓடும் சின்ன இனமும் உண்டு, ஐம்பது கிலோவைத் தாண்டும் அட்லாண்டிக் ராட்சதனும் உண்டு.

அது சரி, மீனுக்கு வயது பார்ப்பது எப்படி? பிறப்புச் சான்றிதழா இருக்கிறது? இருக்கிறது, தலைக்குள்ளேயே! சங்கராத் தலையைக் குழம்பில் போட்டுச் சப்பும்போது பல்லில் வெள்ளையாக ஒரு கல் கடிபடும். எரிச்சலோடு துப்பிவிடுவோம். அடுத்த முறை துப்பாமல் கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். மறுபக்கம் கொஞ்சம் புடைத்து, நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். ஓரமெல்லாம் நுணுக்கமாக வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். அதுதான் காதுக்கல். மீன் நிலை தடுமாறாமல் நீந்தவும், சத்தம் கேட்கவும் உதவும் கல். மீன் வளர வளரக் கல்லும் ஏடு ஏடாக வளரும். எலும்பு கரைந்தாலும் கரையும், காதுக்கல்லில் படிந்த சுண்ணாம்பு திரும்பக் கரைவதில்லை. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் அதைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் வளையங்களைப் போல வருஷத்துக்கு ஒரு வளையம் தெரியும். எண்ணிவிட வேண்டியதுதான்.

எண்ணியது சரிதானா என்று பார்க்கக் கையில் கிடைத்த சாட்சியைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். அணுகுண்டு! 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்துப் பார்த்த குண்டுகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அது கடலில் கலந்தது, பவளத்தில் படிந்தது, மீனின் காதுக்கல்லிலும் படிந்தது. எந்த வளையத்தில் அந்தக் கார்பன் திடீரென்று ஏறுகிறது என்று பார்த்தால் அந்த வளையத்தின் வருஷம் தெரிந்துவிடும். மெக்சிகோ வளைகுடாவின் சிவப்புச் சங்கராவுக்கு இப்படித்தான் வயதைச் சரிபார்த்தார்கள். அதில் ஐம்பது வயதைக் கடந்தவை உண்டு. குண்டு போட்டவர்கள் மீனைப் பற்றி நினைத்திருப்பார்களா!

முத்து விளைந்த பாரில் மீன் விளைகிறது, தெரியுமா?

மன்னார் வளைகுடாவின் கடலடி எல்லா இடத்திலும் மணல் அல்ல. தூத்துக்குடிக்கு நேரே போனால், மணலுக்கு நடுவே ஆங்காங்கே கல்திட்டுகள் வரும். ‘பார்’ என்கிறார்கள். தொள்ளாயிரம் பார் என்ற பேரைக் கேட்டிருப்பீர்கள். முத்துச்சிப்பி ஒட்டி வாழக் கெட்டியான தரை வேண்டும். மணலில் அது நிற்காது. அதனால்தான் கொற்கைப் பாண்டியர் காலத்திலிருந்து போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் காலம் வரை எல்லோரும் இந்தப் பார்களையே சுற்றிச்சுற்றி வந்தார்கள். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கரையின் முத்துக்குளிப்பை எழுதும்போது, குளிப்பவரைச் சுறா தீண்டாமல் மந்திரம் போடும் ஆட்களைப் பற்றியும் மறக்காமல் எழுதிவைத்தார். கடல்கட்டி என்று பேர் வாங்கியவர்கள் அவர்கள்.

முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடந்ததும் இல்லை. சிப்பி விளைந்த வருஷம் திருவிழா, விளையாத வருஷங்கள் வெறும் காத்திருப்பு. சில சமயம் அந்தக் காத்திருப்பு இருபது, முப்பது வருஷம்கூட நீண்டது. 1955-ல் தொடங்கிய ஒரு தொடர் 1961-ல் முடிந்தது. அதன் பிறகு இந்தக் கடலில் பெரிய முத்துக்குளிப்பே இல்லை. 1973-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்து வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி குழுவினர் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

ஆனால் பார் போய்விடவில்லையே! சிப்பி ஒட்டிய அதே கல்லின் பொந்திலும் இடுக்கிலும் சங்கரா இருக்கிறது, களவா இருக்கிறது, விளமீன் இருக்கிறது. பகலில் சங்கரா பாறை ஓரமாகக் கூட்டம் கூடி நிற்கும். இருட்டினால் கூட்டம் கலைந்து இரை தேடப் போகும். நண்டு, இறால், கணவாய், சின்ன மீன் எல்லாம் அதற்கு இரை. மேல் தாடையின் முன்பக்கத்தில் இரண்டு கோரைப்பல் நீட்டிக்கொண்டிருக்கும். தூண்டிலைக் கழற்றும்போது கையைக் கொடுத்தால் சதை கிழிந்துவிடும். பழகிய மீனவர் அதன் வாய்க்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகவே மாட்டார்.

இவ்வளவு பளீரென்ற சிவப்பில் இருந்தால் பெரிய மீன் கண்டு பிடித்துத் தின்றுவிடாதா? தின்னாது! கடல்நீர் சூரிய ஒளியில் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே சிவப்பு ஒளி ஏறக்குறைய இல்லை. அங்கே சங்கரா சாம்பலும் கறுப்புமாக, இருப்பதே தெரியாமல் நிற்கும். நாம் மயங்கும் அந்த நிறம் கடலுக்குள் அதற்கு முக்காடு. அந்தச் சிவப்பும் சொந்தத் தயாரிப்பு அல்ல. இறாலும் நண்டும் தின்று அதிலிருந்து சேர்த்துக்கொண்ட நிறமி அது. மீனின் உடம்பு அதைத் தானாக உண்டாக்க முடியாது.

தூண்டில்காரர் விரல்நுனி பேசும்

பாரில் இழுவலை போட்டால் வலை கல்லில் சிக்கிக் கிழியும், பாரும் நாசமாகும். அதனால் சங்கராவுக்கு ஆதியிலிருந்தே நேர்த்தியான ஆயுதம் தூண்டில்தான். வள்ளத்தில் போகிறவர்கள் அந்தக் காலத்தில் கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ஒன்றோடொன்று நேர்வைத்துப் பாரின் இடத்தைக் குறித்தார்கள். எழுதப்படாத வரைபடம், அப்பனிடமிருந்து மகனுக்கு! இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. ஆனால் அது பாரின் மேலே கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான். அதற்கப்புறம் வேலை விரலுக்கு.

நரம்பின் நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே கிளை கிளையாகத் தூண்டில், அதில் கணவாய்த் துண்டோ சாளைத் துண்டோ இரை. குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு ஆள்காட்டி விரலின் மேல் நிற்கும். கீழே மணல் என்றால் குண்டு மெத்தென்று உட்காரும். கல் என்றால் ‘டக்’கென்று ஒரு அதிர்ச்சி விரலுக்கு ஏறும். இருபது, முப்பது மீட்டர் ஆழத்தில் என்ன தரை என்பதை ஒரு விரல் படிக்கிறது! நீவாடு, அதாவது நீரோட்டம், பலமாக இருந்தால் நரம்பு சாய்ந்துவிடும், குண்டை மாற்ற வேண்டும். சங்கரா கடித்தால் ஒரே வெட்டு. உடனே இழுத்து மேலே எடுக்காவிட்டால் அது பொந்துக்குள் நுழைந்து நரம்பைக் கல்லில் தேய்த்து அறுத்துக்கொண்டு போய்விடும். நேரே தலைக்கு மேலே இழுப்பதா, படகைச் சற்று நகர்த்தி இழுப்பதா என்று முடிவெடுக்க ஒரு விநாடிகூடக் கிடைக்காது.

மேலே வந்த மீனைப் பார்த்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். வாயிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு பை பிதுங்கி நிற்கும், கண் முட்டை போலப் புடைத்திருக்கும். நாக்கு வெளியே வந்துவிட்டது என்று நினைப்பார்கள். நாக்கு அல்ல, இரைப்பை! முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் நாலு மடங்கு. சங்கராவின் காற்றுப்பைக்கு வெளியே வாசல் கிடையாது. வேகமாக மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்று நாலு மடங்கு உப்பி, இரைப்பையை வாய்வழியாகத் தள்ளிவிடுகிறது. இப்படி வந்த மீனை ‘சின்னதாக இருக்கிறது, போகட்டும்’ என்று தண்ணீரில் விட்டாலும் அது கீழே போக முடியாமல் மிதந்தே செத்துவிடும். அமெரிக்காவில் இதற்காகச் சட்டமே போட்டார்கள். மெக்சிகோ வளைகுடாவில் பாறை மீன் பிடிக்கிறவர்கள் காற்றை வெளியேற்றும் ஊசியோ, மீனை எடை கட்டி ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவியோ படகில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். நம்மிடம் அப்படி ஒரு பழக்கம் வந்தால் எவ்வளவு குஞ்சு பிழைக்கும்!

மன்னார் வளைகுடாவில் தூண்டிலுக்கு அடுத்தபடி கூடு. கீழக்கரை, மண்டபம் பக்கத்தில் கூடு வைத்துப் பாறைமீன் பிடிப்பதை 1954-லேயே கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பிரபு ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மீன் உள்ளே நுழையும், வெளியேறத் தெரியாது. சேதமில்லாமல் உயிரோடு மேலே வரும். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் கடல்திட்டும் பாறைமீனுக்குப் பேர் போனது. ஒரு காலத்தில் இலங்கை இழுவைக் கப்பல்கள் அங்கே வந்து அள்ளிக்கொண்டு போயின. 1976-ம் வருஷ ஒப்பந்தத்துக்குப் பிறகு அது இந்தியாவின் உரிமைக் கடல்.

பிறப்பது கடலில், வளர்வது ஆற்றில்... தெரியுமா?

எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகப் பிடித்த இனம் லுட்ஜானஸ் அர்ஜென்டிமாகுலேட்டஸ். சதுப்புநிலச் சிவப்புச் சங்கரா என்று சொல்லலாம். இதன் வாழ்க்கை ஒரு நாவல்! ஆழ்கடல் பாறைகளுக்கு மேலே தாய் முட்டையைக் கொட்டுகிறது. ஒரு மில்லிமீட்டரும் இல்லாத அந்த முட்டைக்குள் ஒரே ஒரு எண்ணெய்த் துளி. அதுதான் அதை மிதக்க வைக்கிறது. ஒரு நாள் முழுசாக முடிவதற்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு சில வாரம் நீரோட்டத்தோடு அலைந்து, கழிமுகத்தை நோக்கி வருகிறது. கண்டல் வேர்களுக்கு நடுவே, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளர்கிறது. சில குஞ்சுகள் ஆற்றில் நன்னீர் வரைக்கும் ஏறிப் போகும். நம் கரையில் இப்படிப்பட்ட இடம் என்றால் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல், பழையகாயல் பக்கத்துக் கண்டல் காடுகள். பண்டைய முத்துத் துறைமுகமான கொற்கையும் அதே ஆற்றின் முகத்தில் இருந்ததுதான்.

சில வருஷம் அங்கே தங்கி, கால் மீட்டரும் அரை மீட்டரும் வளர்ந்து, ஒருநாள் அந்த மீன் கழிமுகத்தை விட்டுக் கடலுக்குக் கிளம்பும். ஆஸ்திரேலியாவில் அடையாள வில்லை கட்டி விட்ட மீன்கள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மறுபடி பிடிபட்டிருக்கின்றன. பெண் மீன் முதன்முதல் முட்டையிடும் தகுதிக்கு வரும்போது நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். அதற்குக் குறைவாகக் கூடைக்கு வருவதெல்லாம் ஒரு தடவைகூடப் பிள்ளை பெறாத மீன்.

குஞ்சுக்குப் பாறை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காதால்! உயிருள்ள பவளப்பாறை சும்மா இருப்பதில்லை. சொடுக்கு இறால் சொடுக்கும், மீன் முணுமுணுக்கும், கடல் முள்ளெலி கல்லைச் சுரண்டும். பாறைமீன் குஞ்சுகள் பல இந்தச் சத்தத்தைக் கேட்டு வீடு தேடி வருகின்றன. ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் செத்த பவளங்களுக்கு நடுவே ஒலிபெருக்கி வைத்து, நல்ல பாறையின் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது: சத்தம் போட்ட இடத்துக்கு இரண்டு மடங்கு மீன் வந்து சேர்ந்திருந்தது!

அப்படியானால் பாறை செத்து ஊமையானால்? தூத்துக்குடிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டு காலம் பவளக் கல்லை வெட்டி எடுத்தோம். தூத்துக்குடிக் குழுத் தீவுகளில் விலாங்குசல்லி கடலுக்குள் போய்விட்டது. வான் தீவு தேய்ந்து தேய்ந்து சின்னதாகிவிட்டது. 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா வந்தது. பவளத்தை வெட்டுவது சட்டப்படி குற்றமானது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வெட்டு ஏறக்குறைய நின்றது. பிறகு வெள்ளம் போல வந்தது வெப்பம். 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பவளத்தைப் பெயர்த்து நடுகிறார்கள். வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பார் அமைக்கும் வேலையிலும் அவர்கள் பங்கு பெரிது. கடலுக்குள் நாற்று நடுகிற இந்த வேலையை நான் மனதாரக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்னொரு ஆச்சரியம் துறைமுகத்திலேயே இருக்கிறது. வ.உ.சி. துறைமுகத்தின் இரண்டு அலைதடுப்புச் சுவர்களும் ஏறக்குறைய நாலு நாலு கிலோமீட்டர் கடலுக்குள் நீளுகின்றன. எல்லாம் கொட்டிய கல். 1974-ல் பெருந்துறைமுகமான இடம், கப்பலுக்காகக் கட்டியது. ஆனால் கல்லில் பவளம் ஒட்டியது, பவளத்தைத் தேடி மீன் வந்தது. பொந்து எங்கே கிடைத்தாலும் இந்தக் குடும்பத்துக் குஞ்சு குடியேறிவிடும்.

ஒரு தாய்க்கு 212 பேர் ஈடு!

சங்கரா முட்டையிடுவது பௌர்ணமி, அமாவாசைக் கணக்கில். பல இனங்கள் நிலவைப் பார்த்துக் குறித்த இடத்தில் ஆயிரக்கணக்கில் கூடும். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் கிளாடன் ஸ்பிட் என்ற இடத்தில் பௌர்ணமியை ஒட்டி க்யூபெரா சங்கராக்கள் கூடி, சூரியன் சாயும் நேரத்தில் சுழன்று சுழன்று மேலேறி முட்டையை உதிர்க்கும். கடலே பால் கலந்த மாதிரி ஆகிவிடும். அந்த முட்டையைக் குடிக்க யார் வருவார் தெரியுமா? திமிங்கலச் சுறா! உலகின் மிகப் பெரிய மீன், ஒரு மில்லிமீட்டர் முட்டைக்காக நாள் பார்த்து வருகிறது.

இனி சொல்லப்போகும் கணக்கைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். மெக்சிகோ வளைகுடாவின் சிவப்புச் சங்கராவில் 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெண்ணின் வயிற்றில் ஏறத்தாழ 93 லட்சம் முட்டை. அதே அளவு முட்டை வேண்டுமானால் 42 சென்டிமீட்டர் பெண்கள் எத்தனை வேண்டும்? 212! நீளத்தில் வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. பெரிய தாய் ஒன்று போனால் இருநூறு சின்னத் தாய்கள் சேர்ந்தால்தான் அந்த இடம் நிரம்பும்.

பக்கத்துப் பொந்தில் இருக்கும் களவா பெண்ணாகப் பிறந்து, பெரிதானதும் ஆணாக மாறும். விளமீனிலும் பல இனங்கள் அப்படியே. கொடுவா நேர் எதிர், ஆணாக இருந்து பெண்ணாகும். சங்கரா மட்டும் மாறுவதில்லை. ஆண் ஆணாகவே, பெண் பெண்ணாகவே கடைசி வரை.

இதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

செம்பட்டைச் சங்கரா என்று சொல்லத்தக்க லுட்ஜானஸ் செபேயின் குஞ்சு, வெள்ளை உடம்பில் மூன்று பட்டைகளோடு, கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கு நடுவே வீடு கட்டிக்கொள்ளும். தின்ன வருகிறவன் முள்ளைப் பார்த்துத் திரும்பிவிடுவான். வளர்ந்ததும் அந்தப் பட்டைகள் சிவப்பில் கரைந்துபோகும்.

எண்பது வயது வரை போகும் போஹார் சங்கரா, குஞ்சாக இருக்கும்போது ஒரு வேஷதாரி! யாருக்கும் தீங்கு செய்யாத குரோமிஸ் என்ற சின்ன மீனின் நிறத்தையும் கோலத்தையும் எடுத்துக்கொண்டு அதன் கூட்டத்தோடேயே நீந்தும். பக்கத்தில் வரும் இரைக்குச் சந்தேகமே வராது.

கலிபோர்னியா வளைகுடாவில் ஒரு சங்கராவின் வாயைத் திறந்தால் நாக்கு இருக்கும் இடத்தில் ஒரு பூச்சி கண்ணை விழித்துப் பார்க்கும்! சைமோதோவா என்ற ஒட்டுண்ணி அது. செவுள் வழியாக நுழைந்து, நாக்கின் ரத்தத்தை உறிஞ்சி, நாக்கைச் சூம்பிப்போகச் செய்து, அந்த அடிக்கட்டையில் தானே உட்கார்ந்துகொள்கிறது. மீனும் அதையே நாக்காக வைத்து இரையை நசுக்குகிறது. 1983-ல் இதை அறிவியல் உலகுக்குச் சொன்னபோது, ஓர் உறுப்பையே ஒட்டுண்ணி ஈடு செய்த முதல் சான்று என்று குறித்தார்கள்.

சூயஸ் கால்வாய் வெட்டிய பிறகு செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போன மீன்களில் நம் சதுப்புநிலச் சங்கராவும் உண்டு. லெபனான் கரையில் பதிவாகியிருக்கிறது. நீலக்கோட்டுச் சங்கரா கதை வேறு: 1950-களின் பிற்பகுதியில் மார்க்வேசாஸ் தீவுகளிலிருந்து சில ஆயிரத்தைக் கொண்டுபோய் ஹவாயில் விட்டார்கள். பிடித்து விற்கலாம் என்ற எண்ணம். இப்போது அது ஹவாய்த் தீவுக்கூட்டமெங்கும் பரவி, வேண்டாத விருந்தாளியாகிவிட்டது.

இந்த இரண்டு இனத்துக்கும் போஹாருக்கும் அறிவியல் பெயர் 1775-ல் வந்தது. பெயர் வைத்த பீட்டர் ஃபோர்ஸ்கால் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு ஏமனுக்குப் போய், 1763-ல் முப்பத்தோரு வயதில் மலேரியாவில் இறந்துபோனார். குழுவில் உயிரோடு மிஞ்சிய ஒரே ஆள் கார்ஸ்டென் நீபூர், நண்பனின் குறிப்புகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து அச்சேற்றினார். அந்தக் குறிப்புகள் பாலைவனத்தில் தொலைந்திருந்தால்!

தட்டுக்கு வந்த பிறகும் ஆச்சரியம் தீராது

சிங்கப்பூரின் பேர்பெற்ற மீன்தலைக் கறி எந்த மீனின் தலையில் செய்வது தெரியுமா? சிவப்புச் சங்கரா! சீனர் தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, கேரளத்திலிருந்து போன எம். ஜே. கோமஸ் 1949-ல் நம்மூர் மசாலாக் குழம்பில் தலையைப் போட்டு ஆரம்பித்தார் என்பார்கள். 1969-ல் தொடங்கிய முத்துஸ் கறி போன்ற தமிழர் கடைகள் அதைச் சிங்கப்பூரின் அடையாளமாகவே ஆக்கிவிட்டன. வாழை இலையில், ஒரு தலையைச் சுற்றி ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுகிறது.

விலை உள்ள மீன் என்றால் போலியும் வரத்தான் செய்யும். 2004-ல் அமெரிக்காவில் சிவப்புச் சங்கரா என்று விற்ற மீன்துண்டுகளை மரபணு சோதித்தார்கள். நாலில் மூன்று பங்குக்கும் மேல் வேறு மீன்! தோல் உரித்துத் துண்டு போட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நமக்கு அந்தக் கவலை குறைவு. முழு மீனாக வாங்கி, கோரைப்பல்லைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, அரிவாள்மனையில் நம் கண்ணெதிரே வெட்டி வாங்குகிற ஊர் இது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பவளப்பாறையில் ஒட்டும் நுண்ணுயிர் ஒன்றின் நஞ்சு, சின்ன மீன் வழியாகப் பெரிய மீனுக்கு ஏறும். சிகுவாடெரா என்று பேர். வயதான பெரிய போஹார் சங்கராவில் அது சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. வயிற்றுப்போக்கு, வாய் மரத்துப்போதல், குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவதைப் போன்ற விசித்திர உணர்வு வரும். 2016-ல் மங்களூரில் பாறைமீன் தலை சாப்பிட்ட பலர் இப்படி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பயந்து மீனையே விட வேண்டாம். எங்கிருந்தோ வந்த, பேர் தெரியாத ராட்சத மீனின் தலை, குடல், ஈரல் மட்டும் வேண்டாம்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் தடைக்காலம் இருக்கிறது. அது மட்டும் இந்த மீனைக் காப்பாற்றாது. சாளை அடுத்த வருஷமே பெருகிவிடும். எண்பது வருஷம் வாழப் பிறந்த மீன் அப்படி அவசரமாகப் பெருகாது. எல்லாச் சங்கராவும் பெரிய இனம் அல்ல என்பது உண்மை. ஆனால் உள்ளங்கை நீளத்தில் கிடப்பது எந்த இனமாக இருந்தாலும் குஞ்சுதான். தூத்துக்குடித் திரேஸ்புரத்திலோ, உங்கள் ஊர்ச் சந்தையிலோ, அந்த அளவில் சங்கரா குவித்து வைத்திருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ‘தூண்டில் மீன் இருக்கா அக்கா?’ என்று கேளுங்கள். இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, பாரைக் கெடுக்காமல் பிடித்தவருக்கு அது போய்ச் சேரட்டும்.